மிளகாய் ரம்மில், இஞ்சி பாகில்



வள்ளுவர் படம் மாட்டிய மேடையில் நின்று ரம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கள்ளுண்ணாமை என்ற 93-ஆம் அதிகாரத்தை அவர் எதற்காக எழுதினார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே குடிக்காத எவரையும் குடிக்கவைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது. வீட்டில் காய்ச்சுவது குற்றம், உயிருக்கும் ஆபத்து. நான் பேசப்போவது கடையில் வாங்கிய ரம்மோடு என்ன சேர்ப்பது, எப்படிச் சேர்ப்பது என்பதை மட்டும்தான். அதிலும் பெரும்பகுதி இஞ்சி, மிளகாய், கிராம்பு, எலுமிச்சை பற்றியது. ரம் வேண்டாதவர்கள் அந்தப் பகுதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். சோடா ஊற்றினாலும் நன்றாகவே இருக்கும்.

கதையை ஹாலிவுட்டில் தொடங்குகிறேன். அமெரிக்காவில் மதுவிலக்கு முடிந்தது 1933 டிசம்பரில். அதையொட்டி எர்னஸ்ட் கான்ட் என்ற இளைஞர் ஹாலிவுட்டில் ஒரு சின்ன பார் திறந்தார். பிற்பாடு தன் பெயரையே டான் பீச் என்று மாற்றிக்கொண்டவர். மூங்கில் தட்டி, மீன் வலை, பசிபிக் தீவுச் சிலைகள் என்று அலங்காரம். கொடுத்ததோ கரீபியத் தீவுகளின் ரம். உள்ளே நின்று கலந்து கொடுத்தவர்களில் பலர் பிலிப்பைன்ஸ்காரர்கள். கண்ணுக்கு ஒரு கடல், வாய்க்கு வேறொரு கடல், வேலைக்கு மூன்றாவதாக ஒரு நாடு. இதற்குத்தான் பிறகு 'டிக்கி' என்று பெயர் வந்து, உலகம் முழுக்கக் காகிதக் குடை செருகிய கிளாஸ்கள் வந்தன.

தன் செய்முறையைப் பணியாளர்கள் எதிர்க்கடைக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று டானுக்குப் பயம். பாட்டில்களில் உள்ளே இருப்பதன் பெயரை எழுதாமல் எண்ணும் சங்கேதமும் எழுதிவைத்தார். கலப்பவருக்கு 'டான்ஸ் மிக்ஸ் இவ்வளவு, இத்தனாம் நம்பர் மசாலா இத்தனை சொட்டு' என்பது வரைக்கும்தான் தெரியும். 1934-இல் அவர் உண்டாக்கிய ஸோம்பி என்ற பானத்தை ஒருவருக்கு இரண்டுக்கு மேல் தரமாட்டார்கள். அவ்வளவு ரம் அதில். அதன் மூலச் செய்முறை பல பத்தாண்டுகள் யாருக்கும் பிடிபடவில்லை. ஜெஃப் பெரி என்ற எழுத்தாளர் பழைய ஊழியர்களைத் தேடிப் பிடித்து, அவர்களில் ஒருவரின் குறிப்பேட்டிலிருந்து அதை மீட்டு, 2007-இல் வெளியான தன் புத்தகத்தில் போட்டார். டான்ஸ் மிக்ஸ் என்ற அந்தப் பெரிய ரகசியம் என்ன? இரண்டு பங்கு கிரேப்ஃப்ரூட் சாறு, ஒரு பங்கு பட்டை போட்டுக் காய்ச்சிய சர்க்கரைப் பாகு. தீர்ந்தது.

சிரிக்கிறீர்கள். ஆனால் அந்த மனிதர் முட்டாள் இல்லை. பட்டையை எதில் ஊறவைப்பது, கிராம்பை எதில் ஊறவைப்பது என்பதில்தான் இந்த வகைப் பானத்தின் தொழிலே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் பூட்டிவைத்தார். கிளாஸில் நடக்கும் குலுக்கல் ஒரு நிமிட வேலை, யாரும் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். பானத்தின் உயிர் முதல் நாள் இரவு அடுப்படியில் ஊறிக்கொண்டிருக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒரு செய்திதான். மற்றவை அதற்குத் துணை.

டான் பீச் இதைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. கரீபியத் தீவுகளில் இருந்ததை எடுத்துப் பெருக்கினார். அந்தத் தீவுகளுக்கோ இந்தக் கூட்டின் ஒரு பகுதி நம் கடற்கரையிலிருந்தே போயிருக்கிறது. சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், மேலே கொஞ்சம் மசாலா என்று கலந்த பஞ்ச் என்ற பானம் எழுத்தில் முதலில் தலைகாட்டுவது 1632-இல், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஒருவர் சோழமண்டலக் கரையில் இருந்த கம்பெனிப் பண்டகசாலை ஊழியருக்கு எழுதிய கடிதத்தில். அப்போது ஊற்றியது இங்கத்திய சாராயம். கப்பல்காரர்கள் அந்தப் பழக்கத்தை மேற்கே கொண்டுபோனார்கள். அங்கே ரம் காத்திருந்தது.

ரம் ஏன் அங்கே என்றால், கரும்பு அங்கே. கொலம்பஸ் தன் இரண்டாம் பயணத்தில், 1493-இல், கரும்புக் கரணைகளைக் கொண்டுபோனார். ஆங்கிலேயர் 1627-இல் பார்படாஸில் குடியேறினார்கள். 1640-களில் அந்தத் தீவு முழுக்கக் கரும்பாயிற்று. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகு, அதாவது மொலாசஸ், மலைபோலக் குவிந்தது. அதைப் புளிக்கவைத்து வாலையில் வடித்தார்கள். ரிச்சர்ட் லிகன் 1657-இல் வெளியிட்ட பார்படாஸ் வரலாற்றில் அந்தச் சரக்குக்குப் 'பிசாசுக்கொல்லி' என்ற பொருளில் ஒரு பெயர் வருகிறது. ருசி எப்படி இருந்திருக்கும் என்று அந்தப் பெயரே சொல்லும். எலுமிச்சையும் சர்க்கரையும் போடாமல் அதை விழுங்க முடியாது. காரமும் புளிப்பும் இனிப்பும் இந்தப் பானத்துக்குள் வந்தது ஆடம்பரத்துக்கு இல்லை, அவசியத்துக்கு.

பிரிட்டிஷ் கடற்படையில் ஆளுக்குத் தினமும் அரை பைன்ட் ரம் தந்தார்கள். 1740-இல் அட்மிரல் வெர்னன் ஓர் ஆணை போட்டார்: அதில் நாலு மடங்கு தண்ணீர் கலந்து, இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ரொட்டியும் உப்புக்கண்டமும் மிச்சம் பிடிப்பவர்கள் அந்தக் காசில் சர்க்கரையும் எலுமிச்சையும் வாங்கிக் கலந்துகொள்ளலாம் என்றும் அதே ஆணையில் எழுதினார். கடற்படை ஆணைக்குள்ளே ஒரு காக்டெய்ல் செய்முறை! அந்த ரம் படி கடைசியாக அளக்கப்பட்டது 1970 ஜூலை 31 அன்று.

இதையெல்லாம் சுவையாகச் சொல்லிக்கொண்டே போகும்போது ஒன்றை விழுங்கிவிடக் கூடாது. கரும்பு வெட்டியவர்களும், செக்கில் திணித்தவர்களும், கொதிக்கும் கொப்பரைப் பக்கத்தில் நின்றவர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக இழுத்துவரப்பட்டவர்கள். கரும்பு ஆலையில் கை மாட்டிக்கொண்டால் வெட்டி எடுக்கப் பக்கத்திலேயே கத்தி வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் தீவுகளில் 1838-இல் அவர்கள் முழு விடுதலை பெற்றார்கள், பிரெஞ்சுத் தீவுகளில் 1848-இல். அந்த இடத்தை நிரப்ப ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் நம்மவர்களும் உண்டு. 1853-இல் ஒரேலி என்ற கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டு மார்த்தினிக் என்ற பிரெஞ்சுத் தீவுக்குப் போனது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப்புக்குப் போனது. பிறகு காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் தொடர்ந்து போனார்கள். இன்றைக்கு மார்த்தினிக்கில் கொலொம்போ என்றால் கொத்தமல்லியும் மஞ்சளும் கடுகும் போட்ட ஒரு குழம்புப்பொடி. மாரியம்மனும் மதுரைவீரனும் பெயர் கொஞ்சம் மாறி அங்கே குடியிருக்கிறார்கள். இங்கே காவல் தெய்வத்துக்குச் சாராயம் வைத்தவர்கள் அங்கே ரம் வைத்தார்கள்.

கயானாவில் பெர்பிஸ் பகுதியில் போர்ட் மோரன்ட் என்றொரு கரும்புத் தோட்டம். பழைய கிரிக்கெட் ரசிகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்: ரோஹன் கன்ஹாய் பிறந்த ஊர். பின்னாளில் அந்த நாட்டின் தலைவரான செத்தி ஜெகனும் அங்கேதான் பிறந்தார். அந்தத் தோட்டத்தின் பேரில் கிரீன்ஹார்ட் என்ற இரும்பு போன்ற மரத்தால் ஆன இரட்டை வாலை ஒன்று இருக்கிறது. தோட்டங்கள் ஒவ்வொன்றாக மூட மூட அது இடம் மாறி, இப்போது டயமண்ட் வடிசாலையில் இன்னும் ரம் வடித்துக்கொண்டிருக்கிறது. மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து போனவர்களின் காளி வழிபாடு அந்தப் பெர்பிஸ் பக்கத்தில் இன்றும் உண்டு. அந்த ரம்மின் கனத்த கரும்பாகு மணத்துக்குப் பின்னால் யார் யார் இருந்தார்கள் என்பதற்காக இதைச் சொன்னேன்.

சரி, சமையலறைக்கு வருவோம்.

மிளகாயில் உறைக்கும் பொருளுக்குக் கேப்சைசின் என்று பெயர். அது தண்ணீரில் கரையவே மாட்டேன் என்கிறது. எண்ணெயில் கரையும், சாராயத்தில் நன்றாகக் கரையும். வாய் எரியும்போது தண்ணீர் குடித்தால் எரிச்சல் அடங்காமல் வாய் முழுக்கப் பரவுவதும் இதனால்தான். 1912-இல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தாளர் மிளகாயின் காரத்தை அளக்க ஒரு வழி வகுத்தார். காய்ந்த மிளகாயைச் சாராயத்தில் ஊறவைத்துச் சாரம் இறக்குவார். அதைச் சர்க்கரைத் தண்ணீரில் மேலும் மேலும் நீர்க்கச் செய்து, சுவைப்பவர்களிடம் கொடுப்பார். இனிமேல் காரம் தெரியவில்லை என்று அவர்கள் சொல்லும்வரை எத்தனை மடங்கு நீர்க்க வேண்டியிருந்ததோ அதுதான் அந்த மிளகாயின் எண். சாராயம், மிளகாய், சர்க்கரை, தண்ணீர்: நாம் செய்யப்போவதும் ஏறக்குறைய அதே சோதனைதான், எலுமிச்சை மட்டும் கூட. கரீபியத் தீவுகளின் ஸ்காட்ச் பானெட் மிளகாய்க்கு அந்த அளவையில் 1 லட்சம் முதல் 3.5 லட்சம் வரை எண் வரும். பார்க்கச் சின்னக் குடைமிளகாய் போல மஞ்சளாக, அப்பாவியாக இருக்கும். அது வேண்டாம். நம் பச்சை மிளகாய் போதும்.

எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்றால், நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. 100 மில்லி ரம்மில் இரண்டு பச்சை மிளகாயை நீளவாக்கில் கீறிப் போடுங்கள். உறைப்பு அதிகமாக இருப்பது விதையில் இல்லை, விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை நரம்பில். காரம் குறைவாக வேண்டுமென்றால் அந்த நரம்பைக் கரண்டி முனையால் வழித்துவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். முதலில் பச்சை வாசனை மட்டும் வரும், புல் மாதிரி. பத்து நிமிடம் தாண்டியதும் தொண்டையில் ஒரு சூடு. பதினைந்தில் எடுத்துவிடலாம். ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று விட்டால் பச்சை வாசனை போய், காய்கறி அழுகின கசப்பு ஏறும். காரமும் கட்டுக்கு அடங்காது. ஊறவைத்த ரம்மை அப்படியே கிளாஸில் ஊற்றாமல், தனியாக ஒரு சின்ன பாட்டிலில் வைத்து ஸ்பூனால் அளந்து சேர்ப்பதுதான் புத்தி. கூட்டுவது எளிது. குறைக்க வழியே இல்லை. மிளகாய் தொட்ட கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். வாயில் சூட்டை உணரும் ஏற்பி ஒன்று இருக்கிறது. டேவிட் ஜூலியஸ் என்ற விஞ்ஞானி அதைக் கண்டறிந்ததற்காக 2021-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். மிளகாய் அந்த ஏற்பியைத்தான் தட்டி எழுப்புகிறது. சாராயமும் அதையே தூண்டுகிறது. அதனால்தான் மிளகாய் போட்ட ரம்மை எதுவும் கலக்காமல் குடித்தால் தீ மாதிரி இருக்கிறது. குளிர்ச்சியோ அதை அடக்குகிறது. ஐஸ் போட்ட கிளாஸில் முதல் வாய் குளுமையாக இறங்கி, பானம் தொண்டை தாண்டிய பிறகு காரம் மெல்ல மேலே வரும். இந்தத் தாமதம்தான் பானத்தின் அழகு. ஐஸைக் குறைத்தால் அது போய்விடும்.

இஞ்சியின் குணம் நேர்மாறு. அதைக் கொதிக்கவிட்டால் உறைப்பு மட்டுப்பட்டு இனிப்பாகிவிடும். கஷாயத்துக்கு அது பொருந்தும், நமக்குப் பொருந்தாது. காயவைத்துச் சுக்காக்கினால் உறைப்பு ஏறும், ஆனால் மருந்து வாசனை வந்துவிடும். நமக்கு வேண்டியது பச்சை இஞ்சியின் கூர்மை. ஆகவே பாகை முதலில் தனியாகக் காய்ச்சுங்கள்: 200 கிராம் சர்க்கரை, 200 மில்லி தண்ணீர், விரல் நீளப் பட்டை ஒன்று. மளிகைக் கடையில் கிடைக்கும் தடித்த பட்டையைவிட, சுருள் சுருளாக, கையால் நொறுங்குகிற இலங்கைக் கறுவா இதற்கு நல்லது. ஐந்து நிமிடம் கொதித்தால் போதும். இறக்கி ஆறவிடுங்கள். அதற்குள் 100 கிராம் இஞ்சியைத் தோல் சீவித் துருவி, துணியில் கட்டிப் பிழியுங்கள். அந்தச் சாற்றை உடனே ஊற்றிவிடாதீர்கள். அரை மணி நேரம் தெளியவைத்தால் அடியில் வெள்ளையாக மண்டி தங்கும். நம் வீடுகளில் அதைக் கழித்துவிட்டுத் தெளிவை மட்டும் எடுப்பார்கள். அந்த வழக்கம் இங்கே ரொம்பச் சரி, மண்டி சேர்ந்தால் பானம் கலங்கலாக, மாவு மாதிரி நாக்கில் ஒட்டும். பாகு நன்றாக ஆறின பிறகு தெளிந்த சாற்றைக் கலந்து, ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

பாகில் பட்டையோடு சேர்க்க வேண்டிய இன்னொரு சரக்கு ஜமைக்காவின் பிமென்டோ. பார்த்தால் பெரிய மிளகு மாதிரி இருக்கும். நசுக்கினால் கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் மூன்றும் ஒன்றாக மணக்கும். ஜமைக்காவில் கோழியை வாட்டும் ஜெர்க் மசாலாவுக்கும் அதுதான் முதுகெலும்பு. கேரளத்தில் வீட்டுத் தோட்டங்களில் சர்வசுகந்தி என்று வளர்க்கிறார்களே, அதே மரம். கிடைத்தால் ஐந்தாறு காய்களைத் தட்டிப் பாகில் போடுங்கள். கிடைக்காவிட்டால் அலைய வேண்டாம், இரண்டு கிராம்பும் நாலு மிளகும் ஓரளவுக்கு ஈடுகட்டும்.

கிராம்பு, எலுமிச்சைத் தோல் இரண்டின் வாசனையும் எண்ணெயில் இருக்கிறது. அந்த எண்ணெய் ரம்மில்தான் ஒழுங்காக இறங்கும். பார்படாஸில் ஃபலெர்னம் என்று ஒரு சரக்கு இருக்கிறது: எலுமிச்சை, கிராம்பு, இஞ்சி, பாதாம், சர்க்கரை எல்லாம் சேர்ந்தது, ஜான் டி. டெய்லர் பெயரில் 1890 முதல் விற்கிறார்கள். அதன் எளிய வடிவம் நம் வீட்டில் ஒரே ராத்திரியில் ஆகும். 100 மில்லி ரம், பத்துக் கிராம்பு, மூன்று எலுமிச்சையின் பச்சைத் தோல். தோலைச் சீவும்போது வெள்ளைப் பகுதி வரக் கூடாது, வந்தால் கசக்கும். மறுநாள் காலையில் வடிகட்டிவிடுங்கள். இரண்டு நாள் விட்டீர்களானால் பல் டாக்டர் கிளினிக் வாசனை வந்துவிடும்; அவர்கள் பயன்படுத்துவதும் கிராம்பு எண்ணெய்தானே.

எலுமிச்சையைப் பொறுத்தவரை நாம் கொடுத்துவைத்தவர்கள். வெளிநாட்டு காக்டெய்ல் புத்தகங்களில் வரும் லைம் பெரும்பாலும் பெரிய, விதையில்லாத பாரசீக ரகம். கரீபியத் தீவுகளில் பழைய காலத்திலிருந்து பிழிந்ததோ நம் சந்தையில் விற்கும் அதே சின்ன, மெல்லிய தோல், விதையுள்ள எலுமிச்சை இனம். ஆசியாவிலிருந்து போனதுதான். வாசனையும் புளிப்பும் அதில் அதிகம். ஆகவே புத்தகத்தில் 25 மில்லி என்று இருந்தால் நாம் 15, 20-இல் நிறுத்திக்கொள்ளலாம்.

இனிக் கலப்பது. பழைய பார்படாஸ் கணக்கு ஒன்று உண்டு: புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு இரண்டு, ரம் மூன்று, தண்ணீரோ ஐஸோ நாலு. அந்தக் கணக்கை அப்படியே பின்பற்றினால் இன்றைய நாக்குக்கு இனிப்புத் தூக்கலாக இருக்கும். அதிலும் நம் ஊர்க் கறுப்பு ரம் வகைகளில் வனிலா வாசனையும் இனிப்பும் ஏற்கனவே இருக்கின்றன. இனிப்பையும் புளிப்பையும் கிட்டத்தட்ட சமமாக வைப்பதே என் கணக்கு. ரம் 45 மில்லி, மிளகாய் ஊறிய ரம் ஒரு டீஸ்பூன், கிராம்பு ரம் ஒரு டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு 15 மில்லி, இஞ்சிப் பாகு 20 மில்லி, அன்னாசிச் சாறு 45 மில்லி. அளப்பதற்குத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. குழந்தைகளின் காய்ச்சல் சிரப்போடு வரும் பிளாஸ்டிக் மூடியில் 5, 10, 15 என்று கோடு போட்டிருக்கும். கண்ணளவு மட்டும் வேண்டாம். சாம்பாரில் செல்லுபடியாகும் கைப்பழக்கம் இதில் செல்லாது, ஐந்து மில்லி கூடினாலே புளிப்பு முகத்தில் அடிக்கும். அன்னாசியைப் புதிதாகப் பிழியுங்கள். குலுக்கும்போது மேலே வெண்ணுரை கட்டுவது அதனால்தான். அங்கஸ்துரா பிட்டர்ஸ் கையில் இருந்தால் இரண்டு சொட்டு. 1824-இல் வெனிசுவேலாவில் ஒரு ஜெர்மன் டாக்டர் வயிற்று மருந்தாகத் தயாரித்தது, 1875 முதல் டிரினிடாடில் தயாராகிறது. இல்லையென்றாலும் பாதகமில்லை, கிராம்பு ரம் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்துவிடும்.

மொத்தம் இதில் இரண்டு சின்ன பெக்குக்குக் கொஞ்சம் குறைவாக ரம் இருக்கிறது. நம் ஊர் ரம்மில் சாராயம் 42.8 சதவீதம். ஆனால் குடிக்கும்போது அன்னாசிச் சாறு மாதிரித்தான் இறங்கும், ஏமாறாதீர்கள்.

ஐஸும் இதில் ஒரு சரக்கு. குலுக்கும்போது உருகிச் சேரும் தண்ணீர் குறைந்தது கால் பங்காவது இருக்கும், பல சமயம் அதற்கும் மேல். பழைய கணக்கில் நாலு பங்கு தண்ணீர் என்றது இதைத்தான். மீன் வைத்த ஃப்ரீஸரில் பத்து நாள் கிடந்த ஐஸைப் போட்டால் மேலே சொன்ன உழைப்பெல்லாம் வீண். அன்றைக்கு முன்தினம் புதிதாக உறையவையுங்கள். உடைப்பதற்குச் சுத்தமான துண்டில் சுற்றிப் பூரிக்கட்டையால் தட்டினால் போதும்.

குலுக்கும் டப்பா இல்லாவிட்டால் மூடி இறுகிய ஜாம் பாட்டில் இருக்கிறது. அதைவிட நேர்த்தியான வழி கரீபியத் தீவுகளின் ஸ்விஸில். மார்த்தினிக்கில் புவா லெலே என்று ஒரு மரம். அதன் கிளைகள் ஒரே கணுவிலிருந்து நாலைந்தாக, சக்கரத்தின் ஆரம் போலப் பிரியும். அந்தக் கணுவுக்கு அருகே வெட்டி, சிறு கிளைகளை விரற்கடை நீளத்துக்கு நறுக்கி, பட்டை உரித்துக் காயவைத்தால் கருவி தயார். நம் மோர் மத்தேதான், மரமே செதுக்கிக் கொடுத்த மத்து. உயரமான கிளாஸில் உடைத்த ஐஸும் பானமும் ஊற்றி, குச்சியைச் செருகி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து வேகமாக உருட்டுவார்கள். உருட்டிக்கொண்டே மேலும் கீழும் ஏற்றி இறக்குவார்கள். கொஞ்ச நேரத்தில் கிளாஸின் வெளிப்புறம் அடியிலிருந்து வெள்ளையாகப் பனி படியத் தொடங்கும். விளிம்புவரை படிந்ததும் நிறுத்திவிடலாம். டிரினிடாடில் குயின்ஸ் பார்க் ஓட்டலின் பெயரைத் தாங்கிய ஸ்விஸில் இன்றும் பிரபலம்: ரம், எலுமிச்சை, புதினா, பிட்டர்ஸ். நம் சின்ன மத்தைச் சூடான தண்ணீரில் நன்றாக அலசி உபயோகித்துப் பாருங்கள். மோர் வாசனை முழுக்கப் போயிருக்க வேண்டும், அது முக்கியம்.

கடைசியில் மேலே ஜாதிக்காய். பொடியாக வாங்கினது வேண்டாம், காயையே துருவியில் நாலு இழுப்பு இழுங்கள். ஜாதிக்காய் இந்தோனேசியாவின் பாண்டாத் தீவுகளின் சொத்து. கரீபியனில் கிரெனடாத் தீவுக்குப் போய், அந்த நாட்டின் கொடியிலேயே ஏறிவிட்டது. இதை ஊறவைக்க வேண்டியதில்லை, மூக்குக்கு மட்டும் போதும்.

ரம் வேண்டாதவர்களுக்கும் வேண்டியவர்களுக்கும் ஒரே பாத்திரத்தில் செய்யக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜமைக்காவில் கிறிஸ்துமஸ் என்றால் சாரெல். ஆந்திரத்தார் கோங்கூரா என்று விரும்பி உண்கிறார்களே, அந்தப் புளிச்சக்கீரை இனத்துச் செடியின் சிவந்த புல்லி இதழ்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து போன செடி. காய்ந்த இதழை இஞ்சியும் பிமென்டோவும் சேர்த்துக் கொதிநீர் ஊற்றி மூடி, ராத்திரி முழுக்க வைப்பார்கள். இதன் நிறமும் புளிப்பும் தண்ணீரிலேயே இறங்கிவிடும், ரம்மின் உதவி வேண்டாம். காலையில் வடிகட்டிச் சர்க்கரை போட்டால் இரத்தச் சிவப்பாக ஒரு பானம். குழந்தைகளுக்கு அப்படியே. பெரியவர்களின் ஜாடியில் மட்டும் ரம் சேரும். அங்கே பலரும் ஊற்றுவது 63 சதவீதம் சாராயம் உள்ள ரே அண்ட் நெஃப்யூ வெள்ளை ரம், ஆகவே கை அளந்துதான் ஊற்றும். இரண்டு ஜாடிக்கும் வேறு வேறு நிறத்தில் துணி கட்டிவைத்துவிடுங்கள். வீட்டு விருந்தில் குழப்பம் வரக் கூடாத இடம் அது.

மிச்சமாகும் மிளகாய் ரம்மை என்ன செய்வது என்று யாராவது கேட்பீர்கள். பெர்முடாவில் மீன் சூப்பின் மேல் கறுப்பு ரம்மும், மிளகாய் ஊறிய ஷெர்ரியும் சில சொட்டு விட்டுச் சாப்பிடுவது வழக்கம். வேறு பல தீவுகளிலும் மிளகாய் ஊறிய ரம் சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே நிற்கும். நம் மீன் குழம்பில் விட வேண்டாம், அதற்கு அது தேவையில்லை. இறால் வறுவலில் இறக்கும்போது அரை டீஸ்பூன் விட்டுப் பாருங்கள். அடுப்பை அணைத்துவிட்டு விடுங்கள், இல்லையென்றால் தீ பற்றும்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். எந்தக் கம்பெனி ரம் நல்லது என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த விவாதத்தைத் தொடங்கினால் அரங்கத்தை ஒன்பது மணிக்குப் பூட்ட முடியாது.